பழைய கணினியில் புதிய ஓஎஸ்: டவுன்லோடு தொடங்கும் முன் பிராசஸரைப் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்குப் பிறகு பரணில் கிடந்த டெஸ்க்டாப்பையும் பிள்ளைகள் விட்டுப்போன லேப்டாப்பையும் இறக்கி, புது ஓஎஸ் போட்டுப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் எல்லோரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். எந்த ஓஎஸ் என்று முடிவு செய்து, ஃபைலை இறக்கி, பென்டிரைவில் ஏற்றி, கணினியில் செருகிய பிறகுதான் உள்ளே இருப்பது என்ன பிராசஸர் என்ற கேள்வியே வருகிறது. கறுப்புத் திரையில் "இந்த கெர்னலுக்கு எக்ஸ்86-64 சிபியு வேண்டும், இங்கே ஐ686 சிபியுதான் இருக்கிறது" என்ற பொருளில் இரண்டு ஆங்கில வரிகள் வந்து நின்றுவிடும். அதாவது ஓஎஸ்ஸின் மையப்பகுதியான கெர்னல் கேட்பது 64 பிட் பிராசஸர் (சிபியு), உள்ளே இருப்பதோ 32 பிட்.

உபுண்டு 24.04 என்ற இலவச லினக்ஸ் ஓஎஸ்ஸின் ஃபைல் ஏறத்தாழ 6 ஜிபி. நாளுக்கு 1.5 ஜிபி தரும் மொபைல் பேக்கில் இறக்கினால் நான்கு நாள் டேட்டா. பிராசஸரைப் பார்க்க ஆகும் நேரம் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிட வேலையைத்தான் கீழே வரிசையாகச் சொல்லியிருக்கிறேன்.

1. முதலில் கையில் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு தாள், ஒரு பேனா. கணினியின் சார்ஜர் அல்லது பவர் கேபிள். வாங்கிய பில் கிடைத்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லில் மாடல் எண் முழுதாக இருக்கும். லேப்டாப் என்றால் அடிப்பக்கத்து ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் மொபைலில் படம் எடுத்து வைத்துவிடுங்கள். பழைய ஸ்டிக்கர்களில் எழுத்து தேய்ந்திருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் படிக்க முடியும்.

தாளில் ஏழு வரிகளுக்கு இடம் விடுங்கள்: பிராசஸரின் முழுப்பெயர், 64 பிட் உண்டா இல்லையா, கோர் எத்தனை, ரேம் எவ்வளவு, பயாஸ் (ஆன் செய்ததும் ஓஎஸ்ஸை எழுப்பும் அடிப்படை நிரல்) வகை, டிபிஎம் (பாதுகாப்புச் சிப்) பதிப்பு, டிஸ்க் அளவு. இந்தத் தாள் பிறகு மூன்று இடங்களில் உதவும்: ஓஎஸ் தேர்ந்தெடுக்கும்போது, ரேம் வாங்கக் கடைக்குப் போகும்போது, யாரிடமாவது உதவி கேட்கும்போது. "பழைய ஹெச்பி லேப்டாப்" என்று மட்டும் சொன்னால் எவராலும் உதவ முடியாது.

செலவு இப்போதைக்கு 16 ஜிபி பென்டிரைவ் ஒன்றுதான், 300 முதல் 500 ரூபாய்க்குள். அதையும் ஆறாவது படி முடியும்வரை வாங்க வேண்டாம். ரேம், எஸ்எஸ்டி எதையும் இந்தக் கட்டத்தில் வாங்கவே கூடாது. பிராசஸர் எதுவென்று தெரியாமல் வாங்கிய ரேம், பலருடைய மேசை டிராயரில் அப்படியே கிடக்கிறது.

2. விண்டோஸ் ஓடுகிறது என்றால்

விண்டோஸ் 10-இல் செட்டிங்ஸ் திறந்து, சிஸ்டம், அதன் கீழே கடைசியாக உள்ள அபவுட் பக்கத்துக்குப் போங்கள். கீபோர்டில் விண்டோஸ் கீயையும் பாஸ் (Pause) கீயையும் சேர்த்து அழுத்தினாலும் அந்த விவரம் வரும், 8.1-இலும் இந்த வழி போதும். "பிராசஸர்" வரியை ஓர் எழுத்து விடாமல் தாளில் எழுதுங்கள். அடுத்து "சிஸ்டம் டைப்" வரி. அதில் இரண்டு பாதிகள் இருக்கும். முதல் பாதி, இப்போது போட்டிருக்கும் விண்டோஸ் எத்தனை பிட் என்று சொல்கிறது. இரண்டாம் பாதிதான் பிராசஸரைப் பற்றியது.

"32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பேஸ்டு பிராசஸர்" என்று இருந்தால், உங்கள் பிராசஸர் 64 பிட். யாரோ அதில் 32 பிட் விண்டோஸைப் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். 2 ஜிபி ரேம் இருந்த காலத்தில் கடைகளில் இப்படிப் போடுவது சாதாரணம். இந்த வரியின் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு "என்னுடையது 32 பிட் மெஷின்" என்று நல்ல கணினியை எடைக்குப் போட்டவர்களும் இருக்கிறார்கள். இரண்டாம் பாதியில் "எக்ஸ்86 பேஸ்டு பிராசஸர்" என்று இருந்தால்தான் அது உண்மையிலேயே 32 பிட்.

இங்கே ஒரு பொறி. ரன் பெட்டியில் எம், எஸ், ஐ, என், எஃப், ஓ, 32 என்று தட்டினால் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்ற சாளரம் திறக்கும். அதிலும் "சிஸ்டம் டைப்" என்று ஒரு வரி உண்டு. 32 பிட் விண்டோஸில் அந்த வரி, பிராசஸர் 64 பிட்டாக இருந்தாலும் எக்ஸ்86 என்றே காட்டும். அதை நம்பாதீர்கள். அதே சாளரத்தில் "பயாஸ் மோடு" என்ற வரி மட்டும் நமக்குத் தேவை. அதில் லெகசியா (பழைய வகை), யுஇஎஃப்ஐயா (புதிய வகை) என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 7 என்றால் கம்ப்யூட்டர் ஐகானில் ரைட் கிளிக், பிராப்பர்டீஸ். அங்கே பிராசஸரின் பெயர் கிடைக்கும். ஆனால் "சிஸ்டம் டைப்" ஓஎஸ்ஸின் பிட்டை மட்டுமே சொல்லும். கன்ட்ரோல் பேனலில் பர்ஃபார்மன்ஸ் இன்ஃபர்மேஷன் அண்ட் டூல்ஸ் பக்கத்தைத் திறந்து, விரிவான விவரத்தைப் பார்க்கும் இணைப்பை அழுத்தினால் "64 பிட் கேப்பபிள்" என்ற வரி வரும். அதற்கு நேரே "யெஸ்" (ஆம்) என்று இருந்தால் போதும்.

எக்ஸ்பி ஓடும் கணினியில் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளே நல்ல வழி. நிறுவத் தேவையில்லாத ஜிப் வடிவிலும் கிடைக்கிறது. பென்டிரைவில் எடுத்துப்போய் அப்படியே திறக்கலாம். முதல் பக்கத்தில் "இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்" வரியைப் பாருங்கள். இன்டெல் என்றால் "இஎம்64டி", ஏஎம்டி என்றால் "எக்ஸ்86-64" என்ற சொல் அந்த வரிசையில் இருந்தால் 64 பிட். அந்த வரியை முழுதாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் படியில் அது வேண்டும்.

3. லினக்ஸ் ஓடுகிறது என்றால், அல்லது எதுவுமே ஓடவில்லை என்றால்

லினக்ஸ் டெர்மினலில் எல், எஸ், சி, பி, யு என்ற ஐந்து எழுத்துகளைச் சின்ன எழுத்தில் சேர்த்துத் தட்டி என்டர் கொடுங்கள். வரும் பட்டியலில் "ஆர்க்கிடெக்சர்" வரி இப்போதைய கெர்னலைச் சொல்வது. அதைத் தாண்டி, அடுத்த "சிபியு ஆப்-மோட்ஸ்" வரியைப் பாருங்கள். அதில் 32 பிட், 64 பிட் இரண்டும் இருந்தால் பிராசஸர் 64 பிட். பலரும் சொல்லித்தரும் இன்னொரு கட்டளை, யு-நேம் என்பதோடு ஹைஃபன் எம் சேர்ப்பது. அது கெர்னலைப் பற்றித்தான் பதில் சொல்லும். பிராசஸரைக் கேட்க அது உதவாது.

பட்டியலில் "ஃபிளாக்ஸ்" என்று நீளமாக ஒரு வரி வரும். அதில் எல், எம் என்ற இரண்டே எழுத்துகள் தனிச்சொல்லாக இருந்தால் 64 பிட் என்று அர்த்தம். "எல்ஏஎச்எஃப்" என்று தொடங்கி எல்எம்-மில் முடியும் இன்னொரு சொல் அதே வரியில் இருக்கும், அது வேறு. தேடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்கள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. தொடக்கத்தில் கொடுத்த பலவற்றில் விண்டோஸோடு பாஸ் (BOSS) என்ற இந்திய லினக்ஸும் இருந்தது. விண்டோஸ் கெட்டுப்போயிருந்தால் பாஸ் வழியாக நுழைந்து இதே கட்டளையைக் கொடுக்கலாம். பல நிறுவனங்கள் வழங்கியவை என்பதால் "எந்த வருஷத்து லேப்டாப்" என்பதை வைத்து பிராசஸரை ஊகிக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் திறந்துதான் பார்க்க வேண்டும்.

எதுவுமே ஓடவில்லை என்றால் பயாஸ். பவர் பட்டனை அழுத்தியதும், திரையில் கம்பெனி முத்திரை தெரியும் முன்பே ஒரு கீயை விடாமல் தட்ட வேண்டும். டெல், ஏசர், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்2. ஹெச்பியில் எஸ்கேப் அல்லது எஃப்10. அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்களில் பெரும்பாலும் டெலிட். முதல் பக்கத்திலேயே பிராசஸர் பெயர் இருக்கும். டெல் கணினிகள் பலவற்றில் 64 பிட் டெக்னாலஜி என்று தனி வரியே உண்டு.

பயாஸுக்குள் இருக்கும்போது தேதியையும் பாருங்கள். 2009, 2012 என்று பழைய ஆண்டின் தொடக்கத்தைக் காட்டினால், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. கடிகாரக் கடையில்கூட 30, 40 ரூபாய்க்குக் கிடைக்கும். இதை மாற்றாமல் ஓஎஸ் போட்டால் தேதி தவறி, பிரவுசரில் எந்தத் தளமும் திறக்காமல் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும். புது ஓஎஸ்தான் கெட்டது என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து போடுவார்கள்.

கேபினட்டின் மேல் ஒட்டியிருக்கும் "கோர் ஐ5" ஸ்டிக்கரைச் சான்றாக எடுத்துக்கொள்ளவே வேண்டாம். அசெம்பிள் செய்த கணினிகளில் கேபினட் ஒன்று, உள்ளே இருப்பது வேறு.

4. எண்ணைப் படிப்பது

பெயர் கையில் வந்துவிட்டது. இனி அதைப் படிக்கத் தெரிய வேண்டும். இதில் மட்டும் நிதானமாக இருங்கள்.

எடுத்துக்காட்டாக "இன்டெல் கோர் ஐ5-4210யு, 1.70 கிகாஹெர்ட்ஸ்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஐ5 என்பது தரவரிசை, அதற்கும் வயதுக்கும் சம்பந்தமில்லை. கோட்டுக்குப் பிறகு வரும் நான்கு இலக்கங்களில் முதல் இலக்கம் 4, ஆகவே நான்காம் தலைமுறை. கடைசியில் இருக்கும் யு, மின்சாரம் குறைவாக எடுக்கும் லேப்டாப் வகையைக் குறிக்கும். ஐ5-8250யு எட்டாம் தலைமுறை. இலக்கம் ஐந்தாக இருந்தால் முதல் இரண்டையும் சேர்த்துப் படியுங்கள், ஐ7-10510யு பத்தாம் தலைமுறை. ஐ5-1035ஜி1 என்பதும் பத்துதான், ஐ5-1135ஜி7 பதினொன்று. மூன்றே இலக்கம், ஐ5-520எம், ஐ7-860 போல இருந்தால் முதல் தலைமுறை. "ஐ7 கணினி, வேகம் பிரமாதம்" என்று சொல்லி விற்கப்படும் ஐ7-860-ஐவிட ஒரு ஐ3-8130யு புதிய ஓஎஸ்ஸுக்கு எவ்வளவோ மேல். சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊரிலோ பழையது வாங்கப் போனால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இந்த முழு எண்ணைக் கேளுங்கள். ஐ5 என்ற பதில் பதிலே ஆகாது.

கோர் ஐ வரிசை எல்லாமே 64 பிட். சிக்கல் அதற்கு முந்தையவற்றில்தான். கோர் டூயோ, கோர் 2 டூயோ இரண்டும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும். நடுவில் "2" இல்லாத கோர் டூயோ 32 பிட், டி2300 போன்றவை. "2" இருப்பவை எல்லாம் 64 பிட். இரண்டுமே 2006-இல் வந்தவை என்பதால் வாங்கிய ஆண்டை வைத்துச் சொல்ல முடியாது.

இதைவிடக் குழப்பம் பென்டியம் டூயல் கோர். டி2080 என்ற லேப்டாப் சிப் 32 பிட், உள்ளே இருப்பது கோர் டூயோவின் வடிவமைப்பு. டி2390 என்பது 64 பிட், அதனுள்ளே கோர் 2-வின் வடிவமைப்பு. வெளியே ஒட்டும் முத்திரை இரண்டுக்கும் ஒன்றே. செலரான் எம் வரிசையில் 410 முதல் 450 வரை 32 பிட், 500-க்கு மேல் தொடங்கும் எண்கள் 64 பிட். பென்டியம் 4-இல் 600 வரிசையும், 541, 551 போல 1-இல் முடியும் 500 வரிசையும் 64 பிட். அதற்கு முந்தைய, எண்ணே இல்லாமல் "2.4 கிகாஹெர்ட்ஸ்" என்று மட்டும் சொல்லப்படுபவை 32 பிட். பென்டியம் டி எல்லாம் 64 பிட்.

சின்ன நெட்புக்குகளில் இருக்கும் ஆட்டம் தனிக்கதை. 2008-இல் வந்த என்270, 2009-இல் வந்த என்280 இரண்டும் 32 பிட். என்450, என்455, என்550 ஆகியவை 64 பிட். ஆனால் என்450 போன்றவற்றில் 2 ஜிபி ரேமுக்கு மேல் ஏறாது. ஆட்டம் இசட்3735எஃப் என்றால் இன்னொரு கோணல்: பிராசஸர் 64 பிட், ஆனால் அந்த டேப்லெட்களில் யுஇஎஃப்ஐ 32 பிட்டாக வைத்துவிட்டார்கள். வழக்கமான 64 பிட் பென்டிரைவைச் செருகினால் பூட் மெனுவில் அது தெரியவே தெரியாது. பென்டிரைவ் பழுது என்று நினைத்து இரண்டாவது வாங்குவார்கள். தவறு பென்டிரைவில் இல்லை, 32 பிட் யுஇஎஃப்ஐக்கான பூட் ஃபைலும் சேர்ந்த இமேஜ் வேண்டும்.

ஏஎம்டி பக்கம் இவ்வளவு சிக்கல் கிடையாது. 2003-இல் வந்த அத்லான் 64 முதல் 64 பிட். அத்லான் எக்ஸ்பி, டியூரான் 32 பிட். செம்ப்ரான் மட்டும் இரண்டு வகையிலும் இருக்கிறது, சிபியு-இசட்டில் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஏ4, ஏ6, இ-350, ரைசன் எல்லாம் 64 பிட்.

சந்தேகம் தீரவில்லை என்றால் இன்டெல் தளத்தில் அந்த எண்ணைத் தேடுங்கள். அந்தப் பக்கத்தில் "இன்ஸ்ட்ரக்ஷன் செட்" வரியில் 32 அல்லது 64 என்று வெளிப்படையாகப் போட்டிருப்பார்கள். அதிகபட்ச ரேம் எவ்வளவு என்பதும் அங்கேயே இருக்கும், தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

5. 64 பிட் என்றால் மட்டும் போதாது

விண்டோஸ் 11 போட நினைப்பவர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அதற்கு 32 பிட் பதிப்பே கிடையாது. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை முதல். அதோடு 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க், டிபிஎம் 2.0, செக்யூர் பூட் வசதியுள்ள யுஇஎஃப்ஐ. ஐ5-7200யு தேறாது, ஐ5-8250யு தேறும். ஓர் இலக்கத்தில் முடிவு மாறுகிறது. ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் பலவற்றில் டிபிஎம் 2.0 இருக்கும். ரன் பெட்டியில் டிபிஎம், புள்ளி, எம்எஸ்சி என்று தட்டிப் பார்த்து 2.0 இருப்பதைக் கண்டதும் தேறிவிட்டது என்று நினைக்காதீர்கள். பிராசஸர் பட்டியல் தனி, டிபிஎம் தனி.

ரைசனில் ஒரு நுணுக்கம். 2500யு என்ற லேப்டாப் சிப் 2000 வரிசை எண்ணைத் தாங்கியிருந்தாலும் உள்ளே முதல் தலைமுறை வடிவமைப்பு, ஆகவே மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இல்லை. 3500யு இருக்கிறது. செலரானில் என்3350 இல்லை, என்4000 இருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் என்ற சிறு மென்பொருளை ஓட்டினால் எது குறை என்று அதுவே சொல்லும்.

பட்டியலில் இல்லாத கணினியிலும் விண்டோஸ் 11-ஐ ஏற்ற வழிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றை நான் பரிந்துரைக்கவில்லை. அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. கோர் 2 டூயோ வைத்திருப்பவர்களுக்கோ அந்த வழியே அடைபட்டுவிட்டது. 24எச்2 பதிப்பு முதல் எஸ்எஸ்இ 4.2, பாப்கவுண்ட் என்ற இரண்டு கட்டளைகள் பிராசஸரில் இல்லாவிட்டால் விண்டோஸ் 11 பூட்டே ஆகாது. இன்டெல்லில் முதல் தலைமுறை கோர் ஐ முதல்தான் இந்த இரண்டும் உண்டு. இரண்டாம் படியில் எடுத்த சிபியு-இசட் படத்தில் எஸ்எஸ்இ 4.2 இருக்கிறதா என்று பாருங்கள்.

விண்டோஸ் 8 முதலே பிராசஸரில் மூன்று வசதிகள் தேவை: பிஏஇ, என்எக்ஸ், எஸ்எஸ்இ2. இதில் என்எக்ஸ் சில பயாஸ்களில் அணைக்கப்பட்டிருக்கும். நிறுவும்போது 5டி என்று முடியும் பிழை எண் வந்தால், பயாஸில் "எக்ஸிக்யூட் டிசேபிள்" அல்லது "என்எக்ஸ்" என்ற வரியை எனேபிள் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். பிராசஸரைக் குறை சொல்லும் முன் செய்ய வேண்டிய ஒரு நிமிட வேலை இது.

லினக்ஸில் பெரும்பாலானவை பழைய 64 பிட் சிப்பிலும் ஓடும். உபுண்டு, மின்ட், டெபியன் மூன்றுக்கும் கோர் 2 டூயோ போதும். ரெட் ஹேட் குடும்பம் மட்டும் அளவுகோலை உயர்த்திக்கொண்டே வருகிறது. ஆர்எச்இஎல் (ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ்) 10-க்கு பிராசஸரில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு வேண்டும், இன்டெல்லில் அது நான்காம் தலைமுறை கோர் ஐயில் வந்தது. நான்காம் தலைமுறைக் காலத்துப் பென்டியம், செலரானில் அது இல்லை. 2017-இன் பென்டியம் ஜி4560-இல்கூட இல்லை. ஃபிளாக்ஸ் வரியில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், தலைமுறையை வைத்து ஊகிக்க வேண்டாம்.

உண்மையிலேயே 32 பிட் என்றால் வாய்ப்புகள் சுருங்கிவிட்டன. விண்டோஸ் 10 வரைதான் 32 பிட். லினக்ஸ் மின்ட்டின் முதன்மைப் பதிப்பு 19.3-ஓடு 32 பிட்டை நிறுத்திவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு 32 பிட் இன்ஸ்டாலர் கிடையாது. டெபியன் 12-இல் இருக்கிறது, அதன் நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை. அதை அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23 என்ற இலகுவான லினக்ஸ், 1 ஜிபி ரேமில்கூட நகரும். கூகுள் குரோம் 32 பிட் லினக்ஸை 2016-லேயே கைவிட்டது, ஃபயர்ஃபாக்ஸும் 144-ஆம் பதிப்போடு நிறுத்திவிட்டது. ஆகவே இப்படிப்பட்ட கணினியைத் தட்டச்சுக்கும் பாட்டுக்கும் பிள்ளைகள் புரோகிராமிங் பழகவும் வைத்துக்கொள்ளலாம். பேங்க் வேலைக்கு வேண்டாம்.

6. ஃபைலின் பெயரைப் பொருத்துவது

டவுன்லோடு பக்கத்தில் ஒரே ஓஎஸ்ஸுக்கு நான்கைந்து பெயர்கள் இருக்கும். "ஏஎம்டி64" என்று போட்டிருப்பதைப் பார்த்து, "என்னுடையது இன்டெல் ஆச்சே" என்று ஒதுங்குபவர்கள் ஏராளம். 64 பிட் வடிவை முதலில் வகுத்தது ஏஎம்டி என்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இன்டெல் 64 பிட்டுக்கும் அதே ஃபைல்தான். எக்ஸ்64, எக்ஸ்86-64 என்பவையும் அதே. ஐ386, ஐ686, வெறும் எக்ஸ்86 என்றால் 32 பிட். "ஏஆர்எம்64" என்பதில் 64 இருக்கிறதே என்று இறக்கிவிடாதீர்கள், அது ராஸ்பெர்ரி பை, ஸ்னாப்டிராகன் போன்றவற்றுக்கு. "ஐஏ64" என்பது ஐட்டேனியம் சர்வர்களுக்கு, வீட்டுக் கணினிக்கு அல்ல.

பிராசஸர் 64 பிட், ரேம் 2 ஜிபிதான் என்றாலும் 64 பிட்டையே இறக்குங்கள். கொஞ்சம் ரேம் கூடுதலாகத் தின்னும், ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும். டெஸ்க்டாப் மட்டும் எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி போன்ற இலகுவான வகையாக இருக்கட்டும். மின்ட் 22 ஃபைல் ஏறத்தாழ 3 ஜிபி, குறைந்தது 2 ஜிபி ரேம் கேட்கும், 4 இருந்தால் நல்லது.

ரேம் கூட்டலாமே என்று தோன்றும். மதர்போர்டின் சிப்செட் இன்டெல் 945 என்றால் 4 ஜிபி போட்டாலும் 3.2 ஜிபி அளவுக்குத்தான் தெரியும், 64 பிட் ஓஎஸ்ஸே போட்டாலும் அப்படித்தான். அந்தப் பணம் வீண்.

7. அழிக்கும் முன் லைவ் பென்டிரைவில் ஓட்டிப் பாருங்கள்

இப்போது பென்டிரைவ் வாங்கலாம். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் மூலம் ஐஎஸ்ஓவை (இறக்கிய ஓஎஸ் ஃபைலை) ஏற்றுங்கள். தாளில் "லெகசி" என்று எழுதியிருந்தால் பார்ட்டிஷன் ஸ்கீம் எம்பிஆர், "யுஇஎஃப்ஐ" என்றால் ஜிபிடி. பென்டிரைவில் இருந்ததெல்லாம் அழியும். யுஎஸ்பி 2.0 துளையில் 3 ஜிபி எழுத கால் மணி நேரம் வரை ஆகலாம், 100 சதவீதம் வந்ததும் பிடுங்காமல் "ரெடி" என்று வரும்வரை பொறுங்கள்.

லினக்ஸ் என்றால் நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். டெஸ்க்டாப் வந்துவிட்டால் பிராசஸர் ஒத்துக்கொண்டது என்று அர்த்தம், இதைவிட உறுதியான சோதனை கிடையாது. அரை மணி நேரம் ஒதுக்கி வைஃபை, ஒலி, வெளிச்சம் கூட்டிக் குறைப்பது, லேப்டாப்பை மூடித் திறப்பது எல்லாவற்றையும் சோதியுங்கள். தமிழ்த் தட்டச்சையும் இங்கேயே பார்த்துவிடலாம்.

8. நிறுவும் நாளுக்கு முந்தைய நாள்

32 பிட் விண்டோஸின் மேலேயே 64 பிட்டை ஏற்ற முடியாது. செட்டப் ஃபைலை இருமுறை கிளிக் செய்தால் இந்த விண்டோஸுக்கு ஒத்துவராது என்றுதான் பதில் வரும். பென்டிரைவிலிருந்து பூட் செய்து புதிதாகத்தான் போட வேண்டும், சி டிரைவ் போய்விடும். டெஸ்க்டாப்பிலும் மை டாக்குமென்ட்ஸிலும் இருப்பவை சி டிரைவில்தான் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். வெளி ஹார்டு டிஸ்க்கில் 100 ஜிபி நகலெடுக்க யுஎஸ்பி 2.0 வழியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவே தொடங்கிவிடுங்கள்.

டிபிஎம், செக்யூர் பூட் எதையாவது பயாஸில் மாற்றுவதாக இருந்தால் முதலில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து தாளில் எழுதிக்கொண்ட பிறகுதான் பயாஸில் கை வைக்க வேண்டும். கீ இல்லாமல் பூட்டிக்கொண்ட டிஸ்க்கை எந்தக் கடைக்காரராலும் திறந்து தர முடியாது.

விண்டோஸ் 10-ஐயே இன்னும் கொஞ்ச காலம் வைத்துக்கொள்ள நினைத்தால், 22எச்2 பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டை 2026 அக்டோபர் 13 வரை வீட்டுப் பயனர்களுக்குத் தருகிறது. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யலாம், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். செட்டிங்ஸை அந்தக் கணக்கில் பேக்கப் செய்ய ஒத்துக்கொண்டால் பணம் கேட்பதில்லை.

கடையில் கொடுத்துப் போடுவதாக இருந்தால் ஊரைப் பொறுத்து 300 முதல் 800 ரூபாய் வரை கேட்பார்கள். கொடுக்கும்போது உங்கள் தாளையும் சேர்த்துக் கொடுங்கள், "64 பிட்தான் போட வேண்டும்" என்று மேலே எழுதி. திரும்ப வாங்கும்போது கடையிலேயே ஆன் செய்து, அபவுட் பக்கத்தின் சிஸ்டம் டைப் வரியை இரண்டு பாதியும் படித்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.